மொய் வந்துவிடும்... மகன் வரமாட்டான்!

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் பந்தல் மயம்தான். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. ஆனாலும் பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு மொய் வாங்குகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தப் பகுதியிலும், பக்கத்துப் பேராவூரணி வட்டாரத்திலும் பேர்போன மொய் விருந்து இது.

ஒரு குடும்பம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விருந்து வைக்கும். வாங்கிய மொய்யை, அடுத்தடுத்து விருந்து வைப்பவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்புவது பழைய நடை; அதற்கு மேல் சேர்த்துப் போடுவது புது நடை. வட்டியில்லாத இந்தப் பணத்தில் கிணறு ஆழமாகும், கடை பெரிதாகும், பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். பையன் வெளிநாடு போகவும் இதுவே கைகொடுக்கும்.

அந்தப் பையன் சிங்கப்பூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் மொய் மட்டும் தவறக் கூடாது. பணத்தை அப்பாவோ மனைவியோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நோட்டில் ஏறுவது அவன் பெயர். ஊரில் இல்லாதவனும் ஊர்க்கணக்கில் இருக்கிறான் என்பது பெரிய ஆறுதல். அதுவே பாரமும்கூட. மொய் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ‘இன்னும் ஒரே ஒரு வருஷம்’ என்று வேலையை நீட்டிக்க வைப்பதில் வீட்டுக்கடனோடு இந்தக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

தாத்தா காலத்துத் தவணை

கடல் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ராயவரம், கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் பார்க்கப் போனவர்களுக்கு மூன்று வருடம் ஒரு தவணை. மனைவி, மக்கள் பெரும்பாலும் ஊரில்தான். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, போட்டது போட்டபடி நடந்தே இந்தியா வந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். கடற்கரை ஊர்களின் இஸ்லாமியக் குடும்பங்களில், வெளிநாட்டில் இருப்பவருக்குச் ‘சபராளி’ என்றே பெயர்.

இப்போது புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது திருச்சி விமான நிலையம். இங்கே ஏறினால் நேராக சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய். கடிதம் போய், குரல் பதிந்த கேசட் போய், இன்று கைக்குள் முகமே தெரிகிறது. துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு கிடையாது என்பதால், ‘போட்டிம்’ செயலியைத் தட்டக் கற்றுக்கொண்ட அப்பத்தாக்கள் உண்டு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சவுதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அப்பாவுக்கு வேலை நேரம். அவர் அறைக்குத் திரும்பிக் கூப்பிடும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும்.

சந்தோஷமும் நிறையவே உண்டு. ஓட்டு வீடு மாடி வீடாகிறது. தங்கை பட்டதாரியாகிறாள். அடகுக்கடையிலிருந்து அம்மாவின் சங்கிலி கழுத்துக்குத் திரும்புகிறது. சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் ஊர்ப் பேச்சும் வாழை இலைச் சாப்பாடும் கிடைத்துவிடும்.

இரண்டு தவிப்புகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, இந்த வட்டாரத்தின் தென்னையும் பலாவும் அடியோடு சாய்ந்தன. மின்சாரம் போனது, செல்போனும் செத்தது. கடல் கடந்து இருந்தவர்கள் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள்.

2020 ஏப்ரலில் அது தலைகீழானது. சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா வேகமாகப் பரவ, அங்கே தங்கியிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அறைகளுக்குள் முடங்கினார்கள். இப்போது தவித்தது ஊர். விமானமும் இல்லை. பணம் எவ்வளவு இருந்தாலும் போய்ப் பார்க்க முடியாது என்பதை இரண்டு பக்கமும் உணர்ந்த காலம் அது.

கிளம்பும் முன்

ஏஜென்டுக்குக் கட்டப் பத்திரத்தையும் நகையையும் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு, ஆரம்பச் சம்பளம் கடனுக்கே சரியாகிவிடுகிறது. அதனால் சில விஷயங்களில் உஷார் தேவை.

* ஏஜென்ட், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.
* பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.
* ‘முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். மொய்க்கு நோட்டுப் போடும் வீடுகள், பயணத்துக்கும் ஒரு நோட்டுப் போடலாம். கடன் எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு, அடைந்தது எவ்வளவு, திரும்பும் மாதம் எது? இதை மாதாமாதம் எழுதி, போனிலேயே அவருக்குக் காட்டிவிடுங்கள். கணக்கு தெரியாமல்தான் இரண்டு வருடம் என்று போனவர்கள் இருபது வருடம் இருந்துவிடுகிறார்கள். கொடுக்க வேண்டிய மொய் ஐந்து வருடம் காத்திருக்கும். வளரும் பிள்ளை காத்திருக்காது.

கடன் முடிந்த அன்றைக்கு, ‘போதும், வந்துடுப்பா’ என்ற வார்த்தை முதலில் வீட்டிலிருந்து போகட்டும். பல பேர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள்.