கல்லை நிறுத்தவர் யார்?

"கீரமங்கலத்தில் என் மல்லிகையைக் கல் வைத்து நிறுக்கிறார்கள். அந்தக் கல்லை நிறுத்தவர் யார்?" என்று ஆலங்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் டெல்லி வரை போகிறது.

அங்கே நாட்டின் எடை அளவுகளுக்கு மூலம் வைத்திருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1947 ஜனவரி 4 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21 அன்று, நாடு குடியரசாக ஐந்து நாள் இருக்கையில், படேல் திறந்துவைத்தார். முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர்.

அன்றைய கடைவீதியில் சேர், வீசை, பலம் என்று ஊருக்கொரு கணக்கு. எங்கள் வீட்டிலேயே பெரிய படி, சின்னப் படி உண்டு. அரிசி கடன் வாங்கப் பெரிய படியும், திருப்பிக் கொடுக்கச் சின்னப் படியும் தருவார் அப்பத்தா. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது.

எனக்குப் பிடித்தது அந்த ஆய்வகத்தின் மூலக்கல்லான 57-ஆம் எண் கிலோ. ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம் கலந்த உருளை. உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழ அளவுதான். விரல் படக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். உலகத்துக்கே கிலோவாக இருந்த இதன் தாய்க்கல் பாரிஸை அடுத்த செவ்ரில் இருக்கிறது. நூறாண்டு கழித்து ஒப்பிட்டபோது தாய்க்கும் அதன் நகல்களான பிள்ளைகளுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம். தாய் மெலிந்ததா, பிள்ளைகள் பருத்தனவா? சொல்ல வழியில்லை, தாய் எவ்வளவு இருந்தாலும் அதுதான் ஒரு கிலோ என்பது சட்டம்! 2019 மே 20 முதல் அந்தப் பதவியைப் பிளாங்க் மாறிலி என்ற எண் எடுத்துக்கொண்டது.

டெல்லியிலிருந்து பெங்களூரு வட்டார ஆய்வகம், மாநில ஆய்வகம், முத்திரை ஆய்வாளர், கடை என்று அளவு படியிறங்கி வருகிறது. ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இருந்தது. நமக்கோ கல்லின் அடிக்குழியில் ஊற்றிய ஈயமும் அதில் குத்திய முத்திரையும்தான். இரும்புக் கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறோம், கல்லைப் புரட்டுகிறோமா?

போன வாரம் சந்தையில் நான் புரட்டினேன். ஈயம் இல்லை, மண் அடைத்திருந்தது. "என்னண்ணே, கல்லையா வாங்கப் போறீங்க?" என்ற காய்கறிக்கார அம்மா, தட்டில் இரண்டு கத்திரிக்காயைக் கொசுறாகப் போட்டார்.