முகத்துக்கும் மகரந்தத்துக்கும் ஒரு வில்லை

கமரா வாங்கிய மாணவர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களிற் கேட்டு வருகின்றனர். மனித முகத்தை அழகுறப் பிடிக்க வேண்டும். பூவின் மகரந்தத்தையும் வண்டின் கண்ணையும் நெருங்கிக் காட்டவும் வேண்டும். இரண்டு வில்லைகள் வாங்கக் கையிற் பணமில்லை. ஒரே மக்ரோ வில்லை இவ்விரு தொழிலையும் செய்யுமா என்பதே அக்கேள்வி. செய்யும் என்பது என் விடை. ஆயினும், எந்த வில்லை என்பதையும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாகாது என்பதையும் அறிந்தே வாங்குதல் வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்குபவருக்கு இத்தெரிவு சிறிய விஷயமன்று.

சாதாரண வில்லை தொலைவிலுள்ள காட்சிக்கெனத் திருத்தப்பட்டது. அதனை ஒரு பொருளுக்கு மிக அருகே கொண்டு சென்றால், நடுப்பகுதி தெளிந்து ஓரங்கள் மங்கக் காண்போம். மக்ரோ வில்லையோ அண்மைக்கெனவே வகுக்கப்பட்டது. தட்டையான ஏட்டை மூலைக்கு மூலை ஒரே தெளிவுடன் காட்டவல்லது. முழுமையான மக்ரோ வில்லை ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவில் விம்பந் தரும். அஃதாவது, 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடைய படச்சட்டத்தை அதே அளவான பொருளொன்று முழுவதும் நிறைத்து நிற்கும்.

எழுத்துக்காகப் பிறந்த வில்லை

சிறு கமராக்களுக்குரிய முதல் மக்ரோ வில்லை எனக் கூறப்படும் மக்ரோ கிலார், 1955ஆம் ஆண்டில் ஹைன்ஸ் கில்பிட் என்னும் ஜேர்மானியரின் முயற்சியால் வெளிவந்தது. அடுத்த ஆண்டு யப்பானில் நிகழ்ந்தது இலக்கிய அன்பர்களுக்குச் சுவை தருவது. நூல்களை நுண்படச் சுருளிற் பதிந்து காக்கும் பணி அங்கு தொடங்கியபோது, உரோம எழுத்துகளுக்குப் போதுமாயிருந்த வில்லைகள் யப்பானியர் வழங்கும் சீன வரிவடிவங்களுக்குப் போதவில்லை. பல கோடுகள் நெருங்கிய அவ்வெழுத்துகள் சுருக்கத்தில் ஒன்றோடொன்று கலந்து கரும்புள்ளிகளாயின. இக்குறையை நீக்கவே, இன்று நிக்கோன் என வழங்கும் நிறுவனம் 1956இல் 50 மில்லிமீற்றர் மைக்குரோ நிக்கோரை ஆக்கியது. புள்ளி இருந்தால் மெய், இல்லாவிடில் உயிர்மெய் எனப் பயின்ற நமக்கு, ஒரு புள்ளி மறையாமற் காக்கும் கண்ணாடியின் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

எத்தனை மில்லிமீற்றர்?

கடைக்குச் செல்பவர் முதலில் நோக்கவேண்டியது குவியத்தூரம். 50 அல்லது 60 மில்லிமீற்றர் வில்லை விலை குறைந்தது, சுமையும் குறைந்தது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவை அடையும்போது, பொருளுக்கும் வில்லைக்கும் இடையே எஞ்சுவது ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றரே. வண்ணத்துப்பூச்சி அவ்வளவு நெருக்கத்தைப் பொறுக்காது. நம் வில்லையின் நிழலே பூவின்மேல் விழுந்துவிடும். முகத்துக்கும் அது ஏற்றதன்று. முகம் சட்டத்தை நிறைக்க மிக நெருங்க நேரும். நெருங்கினால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கும். இது வில்லையின் குற்றமன்று, நின்ற இடத்தின் குற்றமாகும்.

180, 200 மில்லிமீற்றர் வில்லைகள் கால் மீற்றர் இடைவெளி தரும். ஆனால் அவற்றின் விலையும் பாரமும் மாணவர்க்கு ஒவ்வா. ஆகவே 90 முதல் 105 மில்லிமீற்றர் வரையுள்ளதே நடுவழி. பூச்சிக்கும் நமக்கும் ஒரு சாண் அளவில் இடைவெளி கிடைக்கும். முகத்தை ஒன்றரை மீற்றருக்கு அப்பால் நின்று இயல்பான வடிவிற் பிடிக்கலாம். 1979இல் ரம்ரோன் நிறுவனம் வெளியிட்ட 90 மில்லிமீற்றர் வில்லை இவ்விரு பயனுக்கும் புகழ்பெற்றது. தனித்து நின்று அது அரையளவு விம்பமே தரும். சிறிய உணரியுடைய கமரா வைத்திருப்போர்க்கு 60 மில்லிமீற்றரே ஏறத்தாழ 90இன் பார்வையைத் தரும் என்பதையும் மனத்திற் கொள்க.

ஒளியும் ஆழமும்

அண்மைப்படத்தின் பெரும் இடர் ஆழக்குறைவு. ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவில், துவாரத்தை எப் 8க்குச் சுருக்கினாலும் தெளிவு நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கே. மேலும் சுருக்கலாமெனின், ஒளி துவாரத்தின் விளிம்பில் விலகிப் படம் முழுவதையும் மழுக்கும். அன்றியும், அவ்வளவு நெருக்கத்தில் எப் 2.8 என்னும் துவாரம் எப் 5.6 அளவு ஒளியையே தரும். எனவே முக்காலியும் பொறுமையும் வில்லையோடு சேர்த்து வாங்கவேண்டிய பொருள்கள்; பொறுமையைக் கடையில் விற்பதில்லை! 2006 முதல் மக்ரோ வில்லைகளிலும் நடுக்கந் தடுக்கும் பொறி அமைந்தது. கையிற் பிடித்து முகம் எடுப்பவருக்கு அது பெருந்துணை. காற்றில் ஆடும் பூவை அது நிறுத்தாது.

முகத்தின்முன் கூர்மை

இனி, பலர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்வேன். மக்ரோ வில்லை இரக்கமறியாதது. தோலின் ஒவ்வொரு துளையையும், வறண்ட உதட்டின் ஒவ்வொரு பிளவையும் அது எடுத்துக் கூறிவிடும். வண்டுக்கு இது பெருமை. மனிதர்க்கு எப்போதும் அப்படியன்று. முதியவர் ஒருவரின் சுருக்கங்களைக் கடும் பக்கவொளியிற் பிடித்து அதனையே கலையென்று கொண்டாடுவோர் உளர். அவரது கண்ணில் நின்ற குறுநகையை அப்படங்களிற் காணேன். யன்னல் வழி வரும் மென்னொளியில், துவாரத்தை அகலத் திறந்து, கண்ணிலே தெளிவை நிறுத்தினால், காது தானே மங்கி ஒதுங்கும். அதே கூரிய வில்லை கனிவுடன் பேசும். நெருங்குமுன் அவரது சம்மதத்தையும் கேட்டல் வேண்டும். பூச்சி பறந்து தப்பலாம். மனிதர் மரியாதைக்காகப் பொறுத்திருப்பர்.

பணம் போதாதவர் சோர்வுற வேண்டியதில்லை. கமராவுக்கும் வில்லைக்கும் இடையே பொருத்தும், கண்ணாடியற்ற நீட்டு வளையங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கையால் திருப்பும் பழைய மக்ரோ வில்லைகளும் ஏற்ற இணைப்போடு இன்றைய கமராக்களிற் பொருந்துகின்றன. வாங்கியதும் பூக்களோடு நின்றுவிடாதீர்கள். பாட்டனார் எழுதிய கடிதங்கள், மஞ்சளித்து உதிரும் பழைய சஞ்சிகைகள், பெயர் தெரியாத உறவினரின் சிறு நிழற்படங்கள் நம் அலுமாரிகளிற் கிடக்கின்றன. செல் அரிக்குமுன் அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இவ்வில்லையின்முன் வையுங்கள்.