கொட்டாஞ்சேனை அடுப்புகள்: கூப்பன் காலமும் காஸ் காலமும்

கொழும்பில், கொட்டாஞ்சேனை முடுக்குகளில் இப்போது கடலைக்கறி வாசம் அபூர்வம். கடலை விலை ஏறிவிட்டது என்பார்கள். விலையும் காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அடுப்பு. இரவே ஊறப்போட்டாலும் கொண்டைக்கடலை சாதாரணச் சட்டியில் வேக ஒரு மணித்தியாலம் கேட்கும். மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் குழைந்துவிடும், ஊறவைக்கவும் வேண்டாம். நடுத்தரமாக எரியும் அடுப்பு மணிக்குச் சுமார் 150 கிராம் காஸ் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலச் சமையலுக்கு 18 ரூபா போதும். பொருளாதார நெருக்கடியில், 2022 ஏப்ரலில், அதே சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது அந்த 18 ரூபா 58 ஆனது. கடலையை என்ன விலைக்கு வாங்கினாலும் இந்த 58 ரூபாவையும் அதன் தலையில் ஏற்றித்தான் சமைக்கிறவள் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பயறு, கடலை, கௌப்பி, கீரை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. தாய்மார் கிளினிக்கில் கேட்டுக் கேட்டு அந்தப் பட்டியல் இங்குள்ள பெண்களுக்கு மனப்பாடம். அவற்றை எதை வைத்து எரிப்பது, ஒரே தடவையில் ஒரு கிலோ வாங்கக் காசு எங்கே என்பதைப் பற்றித்தான் பட்டியல் பேசாது. என் கணிப்பில், இரண்டு தலைமுறைக்குள் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டைப் புரட்டிப்போட்டவை இவை இரண்டுமே.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அந்த வருடம் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மேல் குண்டும் விழுந்தது. துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் கொட்டாஞ்சேனைக்கு அது தூரத்து யுத்தம் அல்ல. அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கூப்பன் முறை அந்த வருடந்தான் வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் அது போகவில்லை, 1979 வரை இருந்தது. நடுவில் அதில் கைவைத்தவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கொத்து 25 சதத்துக்குக் கொடுத்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவும் அதே வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டுப்பட்டது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு அசையாமல் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கொத்துக்கு 45 சதம், அதற்கு விலை ஒரு பிரதமர்!

கூப்பன் அரிசியைப் புகழ்ந்து பேசிய ஒருவரையும் நான் கண்டதில்லை. கல் பொறுக்கவே அரைநாள் போகும், கழுவினால் ஒரு வாடை வரும் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனாலும் கிழமை பிறந்தால் சோறு நிச்சயம். அதனால் கையிலிருந்த கூலிக்காசு கறிப்பக்கம் போனது. புறக்கோட்டைச் சென்ஜோன்ஸ் சந்தையில் பின்னேரம் மீன் விலை இறங்கும். ஐஸ் இல்லாத காலம், மிஞ்சினால் நாறிவிடும் என்று வியாபாரி வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். சாளையும் சூடையும் காரலும் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். களனி ஆற்றுக்கு அப்பால் வத்தளை, ஹெந்தளைப் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்து பொன்னாங்காணியும் கங்குனும் கட்டுக்கட்டாக வரும். கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு ஒரு சுண்டல் சுண்டி, இறக்கும்போது தேசிக்காய் பிழிவார்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சுவற அந்தத் தேசிப்புளி உதவுகிறது என்று இன்று போஷாக்கு நிபுணர்கள் விளக்குகிறார்கள். அந்தக் காலத்தவர் ருசிக்காகத்தான் பிழிந்தார்கள்.

அந்தக் காலத்து அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இன்றைய பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். மரத்தூள் அடுப்பு. ஒரு பெரிய தகர டின்னை எடுத்து அடிப்பக்கத்தில் ஒரு வாய் வெட்டுவார்கள். டின்னின் நடுவில் ஒரு வெற்றுப் போத்தலை நிறுத்தி, வெட்டிய வாய்வழியாக ஒரு தடியை உள்ளே விட்டுப் போத்தலின் அடியில் முட்டவைப்பார்கள். பிறகு மர ஆலையில் சாக்கில் அள்ளிவந்த தூளைச் சுற்றிவரக் கொட்டி, உலக்கைக் கட்டையால் இறுக இறுக அடைப்பார்கள். போத்தலை மெல்லத் திருகி மேலே உருவி, தடியையும் இழுத்தால் நடுவே ஒரு புகைக்குழாய் நிற்கும். உருவும்போது கை நடுங்கினால் முழுவதும் சரிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து அடைக்க வேண்டியதுதான். கீழ்வாயில் ஒரு சிரட்டைத் துண்டைப் பற்றவைத்துத் தள்ளிவிட்டால் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும், பக்கத்தில் நின்று ஊத வேண்டியதில்லை. கடலை, கௌப்பி, மாட்டெலும்புச் சூப் எல்லாம் அதன் தலையில் தம்பாட்டில் வெந்தன. தூளுக்குக் கொடுத்தது சில்லறை. அந்தப் புகையை வருடக்கணக்காக விழுங்கிய பெண்களின் கண்ணும் நெஞ்சும் என்ன ஆயின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் புகழ்ச்சி நியாயமாகும்.

எழுபதுகளில் நிலைமை இறுகியது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று 1970 தேர்தலில் பேசப்பட்டது. 1973, 74இல் பாண் வாங்க விடியமுன் வரிசை. அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகத் தடை போட்டு வழிமறித்துச் சோதித்தார்கள். இறக்குமதி நின்றதில் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக்காரர் தலையெடுத்தனர். அங்கே அந்த வருடங்களைப் பொற்காலம் என்பார்கள், கொட்டாஞ்சேனைக்காரரைக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நல்லதாக மிஞ்சியது ஒன்று: சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷ மாவை 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது. இன்றும் கிளினிக்கில் கிடைக்கிறது, 2022இல் தடுமாறினாலும்.

உண்மையான திருப்பம் 1979. கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. கூப்பனில் எழுதியிருந்தது அரிசியின் அளவு, முத்திரையில் எழுதியிருந்தது ரூபா. விலைவாசி ஏறியது, முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது. சில வருடத்தில் அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசி சுருங்கிப்போயிற்று. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, 2023 ஜூலை முதல் அஸ்வெசும என்று நிவாரணத் திட்டங்களின் பெயர்கள் மாறியிருக்கின்றன, எல்லாம் காசுக் கணக்கே. அஸ்வெசும தொடங்கியபோது வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறியோருக்கு 15,000. 2025இல் அவை 10,000, 17,500 என்று உயர்ந்தன. அரிசி, தேங்காய் விலைகள் அதுவரை பொறுமையாகக் காத்திருக்கவில்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபா வரை போனது. சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவும் கறிக்குப் பாலும் வேண்டிய சமையலில் அது சின்ன அடி அல்ல.

1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை ஓடத் தொடங்கியது. பாண் ஏற்கெனவே பழக்கம், இப்போது தட்டுப்பாடும் தீர்ந்தது. தொண்ணூறுகளில் உள்நாட்டு யுத்தத்தால் வடக்கு கிழக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கி வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களால் சாப்பாட்டுக் கடைகள் பெருகின. அறையில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள், இடியப்பமும் பார்சல் சோறும் கடையில்தான். வெள்ளவத்தையிலும் இதே கதை நடந்தது. ஆனால் அங்கே வெளிநாட்டுக் காசு வந்து சேர்ந்தது, ஒடியல் மாவிலிருந்து குரக்கன் வரை வாங்க ஆளும் இருந்தது. நாட்டாமை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போகிறவர்கள் நிறைந்த கொட்டாஞ்சேனையை அதோடு ஒப்பிடுவது சரிவராது.

இன்றைய கடை வாசலுக்கு வருவோம். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் முடுக்குகளில் ஒவ்வொரு பலசரக்குக் கடையிலும் கம்பியில் சரம் சரமாகப் பைக்கற்றுகள் தொங்கும். பால்மா, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் தூள், நூடில்ஸ். காலையில் ஒரு பிள்ளை ஓடிவந்து, "அண்ணே, நூறுக்குப் பருப்பு, அம்பதுக்கு நெத்தலி, அம்மா கொப்பியில எழுதிக்கச் சொன்னாங்க" என்கிறது. கால் றாத்தல், அரை றாத்தல் என்று கேட்ட காலம் போய்விட்டது. நூறு ரூபாவுக்கு எவ்வளவு பருப்பு என்பதைக் கடைக்காரரின் தராசு தீர்மானிக்கும். இப்படிச் சின்னச் சின்னதாக வாங்கினால் கிராமுக்குக் கிராம் விலை கூடத்தான் விழும். அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அன்றாடக் கூலி கையில் வரும் வீட்டில் ஒரு கிலோ பருப்பின் விலை என்பது இரண்டு நாள் கறி, பிள்ளையின் பஸ் காசு எல்லாம் சேர்ந்தது.

அந்த ஐம்பது ரூபா நெத்தலியைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம், முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. ஒரு கைப்பிடியை வெங்காயத்தோடு பிரட்டினால் நால்வருக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும், அடுப்பும் பத்து நிமிடத்துக்கு மேல் எரியாது. உப்பு அதிகம், வெந்நீரில் அலசினால் குறையும். சோயாமீற்றும் அப்படியே: புரதம் ஏறத்தாழ பாதி, வேக நேரம் குறைவு. பைக்கற்றோடு வரும் மசாலாவில் உப்பு கொட்டிக் கிடக்கும், அதைப் பாதியாகப் போடுகிற வீடுகளும் உண்டு. என் குறை பிளேன்ரீயின் மேல்தான். சாப்பாடு குறைந்த நாளில் இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ பசியை அடக்கும். சோற்றுக்கு மேல் உடனே குடித்தால் கீரை தந்த இரும்பையும் அது தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும், அதற்குக் காசு செலவில்லை.

கீரையும் மீனும் தூரம் போய்விட்டன. சென்ஜோன்ஸ் மீன் சந்தை பேலியகொடைக்கு இடம்பெயர்ந்தது. புறக்கோட்டை மெனிங் மரக்கறிச் சந்தையும் 2021இல் அங்கேயே போயிற்று. மெனிங் சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் வேலை முடிந்து வரும்போது அடிபட்ட தக்காளியும் உடைந்த பூசணியும் சும்மா மாதிரி விலைக்குக் கொண்டுவருவார்கள். இப்போது அதற்கு பஸ் ஏறி ஆற்றைத் தாண்ட வேண்டும்.

தோட்டம் எனப்படும் நெரிசல் குடியிருப்பு வீடுகளிலிருந்து பல குடும்பங்களை நகர அபிவிருத்தி அதிகார சபை தொடர்மாடிகளுக்கு ஏற்றியது. குழாயும் மலசலகூடமும் வீட்டுக்குள் வந்தது பெரிய காரியம், அதை மறுக்க முடியாது. ஆனால் எட்டாம் மாடியில் விறகு எரிக்க முடியாது, முருங்கை வைக்கவும் மண் இல்லை. 2022இல் காஸ் வரிசை வீதி நீளத்துக்கு நின்றபோது கீழே முடுக்கில் இருந்தவர்கள் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள், மேலே இருந்தவர்கள் பாண் வாங்கப் படியிறங்கினார்கள். மண்ணெண்ணெய்க்கு மாறலாம் என்றால் அது ஓகஸ்டில் லீற்றர் 87இலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. அதே மாதம் மின்கட்டணமும் சராசரி 75 சதவீதம் ஏறியதால் ரைஸ் குக்கரும் கைவிட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். உலக உணவுத் திட்டம் கொழும்பின் வறிய பகுதிக் கர்ப்பிணிகளுக்கு மாதம் 15,000 ரூபா உணவுக் கூப்பன் கொடுக்கத் தொடங்கியதும் அந்த வருடந்தான். கூப்பன் என்ற பெயர் திரும்பி வந்தது, ஆனால் அதிலும் ரூபாவே எழுதியிருந்தது.

சிலிண்டர் 2024 ஜூலையில் 3,690க்கு இறங்கியது. அதற்காக நீள வேகும் கறிகள் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு வீட்டுச் சட்டிக்கு அது இன்னும் கட்டாது, பெரிய சட்டிக்கு மட்டுமே கட்டும். 2022 நெருக்கடியில் கொழும்பில் முளைத்த சமூகச் சமையலறைகள் ஓடியதும் அந்தக் கணக்கில்தான். 2024 மார்ச்சிலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுக்கத் திட்டம் விரிந்திருக்கிறது. இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே அடுப்பில் கௌப்பி அவித்தால் ஆளுக்கு விழும் காஸ் செலவு ஓரிரு ரூபாவைத் தாண்டாது. இதுவரை பார்த்த அரசாங்க உதவிகளில் காசாக இல்லாமல் வெந்த சாப்பாடாகவே கைக்கு வருவது இது ஒன்றுதான். 1953இல் வெட்டுப்பட்டதும் இதே பள்ளிக்கூடச் சாப்பாடுதான். ஐந்தாம் வகுப்போடு அதுவும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரே வீட்டிலிருந்து தங்கச்சி வெறும் பெட்டியோடு போய் சோறும் கறியும் சாப்பிட்டு வருகிறாள், எட்டாம் வகுப்பு அண்ணன் புத்தகப் பையில் ஒரு பணிஸ் கொண்டுபோகிறான்.