நீர்மேல் எழுத்தும் ஏட்டின்மேல் எழுத்தும்

ஆடிப்பெருக்கு நாளில் குத்தாலத்துக் காவிரிக் கரையில் நின்று பாருங்கள். புதுப்புனல் கிழக்கு நோக்கி விரைந்து செல்லும். அதில் ஒரு சிறு விளக்கை மிதக்கவிட்டால், அது மயிலாடுதுறையைக் கடந்து பூம்புகாரில் கடலைச் சேருமோ, இடையிலேயே அணைந்துவிடுமோ, யார் அறிவார்? சென்ற வழியில் கண்டதை அவ்விளக்கு நமக்கு வந்து உரைப்பதில்லை. மனிதனோ தான் கண்டதைப் பிறர்க்கு எழுதிவைக்க வல்லவன். அவ்வெழுத்தைப் போற்றுவதற்கெனவே ஒரு பரிசு வழங்கும் கடலோடிகளின் கழகம் ஒன்று உண்டு.

ஹம்ஃப்ரி பார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1954-ஆம் ஆண்டில் 'ஓஷன் குரூசிங் கிளப்' என்னும் கழகத்தை நிறுவினார். எழுபது அடிக்கு மேற்படாத சிறு கலத்தில், இடையே எத்துறையிலும் நில்லாமல், ஆயிரம் கடல்மைல் கடந்தவரே அதில் முழு உறுப்பினர் ஆகலாம். ஒரு கடல்மைல் என்பது 1,852 மீட்டர். எனவே அத்தொலைவு 1,852 கிலோமீட்டர் ஆகும். உலகின் பல நாட்டினரும் அதில் உறுப்பினராக உள்ளனர்.

அக்கழகத்தின் இதழுக்குப் 'பறக்கும் மீன்' என்று பொருள்படும் பெயர் இடப்பட்டுள்ளது. உறுப்பினர் தம் பயண வரலாறுகளை அதில் எழுதுகின்றனர். இதழின் முதல் ஆசிரியரான டேவிட் வாலிஸ் என்பவரின் நினைவாக அவர் குடும்பத்தார் அளித்த கோப்பை 1991 முதல் வழங்கப்பட்டு வருகிறது. விரைந்து சென்றவர்க்கு உரியதன்று அக்கோப்பை; நெடுந்தொலைவு சென்றவர்க்கு உரியதும் அன்று. இதழில் வெளிவந்தவற்றுள் மிகச் சிறந்ததாகவோ, பயன் மிக்கதாகவோ, படிப்பவர்க்கு இன்பம் தருவதாகவோ அமைந்த எழுத்துக்கே அது உரியது.

கடலோடிகள் எழுத்தை இவ்வளவு போற்றுவதன் காரணம் யாது? கடலில் வழிகாட்டும் கற்கள் இல்லை. எங்கே நீரோட்டம் வலிது, எத்துறையில் நங்கூரம் நன்கு பற்றும், எம்மாதத்தில் காற்று திசை மாறும் என்பவற்றை முன்னே சென்றவர் எழுதிவைத்தால், பின்னே வருபவர் உயிர் பிழைப்பர். தம் வெற்றியை மட்டும் எழுதி, தவற்றை மறைத்தவரின் குறிப்பால் பயன் இல்லை. பாய் கிழிந்ததையும், கணக்குப் பிழைத்ததையும், அஞ்சி நடுங்கியதையும் உள்ளவாறு எழுதுவதே நல்ல பயணக் குறிப்பு.

இம்மரபு பழமையானது. 1880-இல் இங்கிலாந்தில் தோன்றிய 'ராயல் குரூசிங் கிளப்' என்னும் கழகமும் உறுப்பினர் அனுப்பும் குறிப்பேடுகளை ஆராய்ந்து கோப்பை வழங்கியது. அயர்லாந்தினரான கானர் ஓபிரையன், 42 அடி நீளமுள்ள தம் பாய்மரப் படகில் 1923-இல் புறப்பட்டு, 1925-இல் உலகை வலம் வந்து மீண்டார். அப்படகின் பெயர் 'சீர்ஷா'. ஐரிஷ் மொழியில் விடுதலை என்பது அதன் பொருள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அக்கோப்பை அவருக்கே கிடைத்தது. பின்னர் அவர் எழுதிய நூலால் அப்பயணத்தை நாம் இன்றும் அறிகிறோம்.

தமிழரும் கடலுக்கு அஞ்சியவர் அல்லர். ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அவ்வூர் மக்கள் வியந்தனர், நாளேடுகள் எழுதின. ஆதலின் அச்செய்தி நிலைத்தது. ஆனால் பூம்புகாரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பன்னூறு ஆண்டுகளாகப் புறப்பட்ட கலங்கள் எத்தனை! அவற்றைச் செலுத்தியவர் எத்தனை புயல்களைக் கண்டிருப்பர்! அவர்தம் அறிவு தந்தை வாய்மொழியாக மகனுக்குச் சென்றது. கேட்பார் இல்லாதபோது அவரோடே மறைந்தது. நீர்மேல் எழுத்தாய்ப் போன அச்செல்வத்தை இனி நாம் எங்கே தேடுவது?

மாணவர்களே! உலகைச் சுற்றி வந்தால்தான் எழுத வேண்டும் என்பதில்லை. குத்தாலத்திலிருந்து பூம்புகார் வரை ஒருநாள் சென்று வாருங்கள். வழியில் கண்ட வாய்க்கால்களையும் வயல்களையும், உழவரிடம் கேட்டறிந்தவற்றையும், நீங்கள் வழி தவறிய இடத்தையும் அன்றிரவே எழுதிவையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே வருபவன் ஒருவன் அதைப் படித்து, ஆறு அன்று எவ்வாறு ஓடியது என்று அறிவானாயின், அதனினும் உயர்ந்த பரிசு வேறு உண்டோ?