கேட்கும் இயந்திரமும் நாட்டின் காவலும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது நாகலாபுரம். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் இவ்வூரை ஏற்படுத்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. வேதநாராயணர் கோயிலைக் கொண்டே வெளியூரார் இதனை அறிவர். ஆயினும் தேசப் படத்தை விரித்துப் பார்ப்பவருக்கு வேறொன்றும் புலப்படும். ஊருக்கு வடகிழக்கே, புலிக்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் இருக்கிறது. தென்கிழக்கே ஆவடியில் டாங்கிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆளில்லாமல் இயங்கும் கவச ஊர்தி ஒன்றை அந்நிலையம் 2017-இல் வெளிக்காட்டியது. தொழில்நுட்பமும் நாட்டின் காவலும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் இந்த வட்டாரத்து மாணவருக்குத் தொலைவில் இல்லை.

இவ்விரண்டின் உறவை ஆராய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட கல்வியாளர்கள் உலகின் பல பல்கலைக்கழகங்களில் உள்ளனர். செயற்கை நுண்ணறிவு வளர்ந்த பின் இத்துறையின் முக்கியத்துவம் மிகுந்துவிட்டது. ஒரு கருவி வேலை செய்கிறதா என்று பொறியாளர் கேட்பார். அதற்குப் பணம் கொடுத்தவர் யார், நாளை அது வேறு யார் கைக்குப் போகும், முடிவெடுப்பவருக்கு அது எத்தனை நிமிட அவகாசம் விட்டுவைக்கும், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று இத்துறையின் ஆய்வாளர் கேட்பார். இக்கேள்விகளுக்குச் சட்டமும் வரலாறும் மட்டும் தெரிந்தால் விடை சொல்ல முடியாது. இயந்திரத்தின் உள்ளமைப்பும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

இதனை விளக்கச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே போதும்.

காட்டூரிலிருந்து

தப்பல ராஜகோபால் ரெட்டி, உலகம் அறிந்த பெயரில் ராஜ் ரெட்டி, 1937 ஜூன் 13 அன்று சித்தூர் மாவட்டம் காட்டூர் கிராமத்தில் பிறந்தார். தந்தை விவசாயி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு முடித்துச் சிலகாலம் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே துறைக்கு வழங்கியவர் மெக்கார்த்தி. மனிதப் பேச்சைக் கணிப்பொறி புரிந்துகொள்ளச் செய்வதே ரெட்டி எடுத்துக்கொண்ட பொருள்.

1969-இல் அவர் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சி முகமை, பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகளுக்கென ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆயிரம் சொற்களை அறியும் பொறி வேண்டும் என்பது இலக்கு. ரெட்டியின் குழு முதலில் உருவாக்கிய 'ஹியர்சே' பொறி, வாயால் சொன்ன சதுரங்க நகர்த்தல்களைப் புரிந்துகொண்டது. 1976-இல் 'ஹார்ப்பி' என்ற பொறி 1,011 சொற்களை அறிந்து இலக்கை எட்டியது.

இடையில் உருவான இரண்டாம் 'ஹியர்சே'தான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஒரு கரும்பலகையைச் சுற்றிப் பல வல்லுநர்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒலி மட்டும் தெரியும், இன்னொருவருக்குச் சொல், மற்றொருவருக்கு இலக்கணம். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய ஊகத்தைப் பலகையில் எழுதுகிறார். மற்றவர் எழுதியதைப் பார்த்துத் தம் ஊகத்தை உறுதி செய்கிறார் அல்லது அழிக்கிறார். அரைகுறையான சான்றுகளிலிருந்து முழுச் செய்தி இவ்வாறு உருவாகிறது. இந்த வல்லுநர்கள் அனைவரும் கணிப்பொறிக்குள் இருக்கும் நிரல்களே.

பேச்சுக்காகப் பிறந்த இந்த அமைப்பு பேச்சோடு நிற்கவில்லை. இரைச்சல் மிகுந்த கடலடி ஒலிகளுக்கிடையே நீர்மூழ்கிக் கப்பல்களை இனங்காணும் 'ஹாஸ்ப்' என்ற பொறியை ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஃபைகன்பாம் குழுவினர் அமைத்தபோது, இதே கரும்பலகை முறையைக் கையாண்டனர். ஒரு பொறி சதுரங்க ஆட்டக்காரரின் குரலைக் கேட்டது. மற்றது பகைவர் கப்பலின் ஒலியைக் கேட்டது. உள்ளே ஓடிய கருத்து ஒன்றே. 1994-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு ரெட்டிக்கும் ஃபைகன்பாமுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

இரு முகம் கொண்ட அறிவு

ஒரே அறிவு அமைதிப் பணிக்கும் படைப் பணிக்கும் உதவுவதை ஆய்வாளர்கள் இரட்டைப் பயன் என்பர். ஸ்ரீஹரிகோட்டாவின் வரலாறே இதற்குப் பாடநூல். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அங்கிருந்து ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அந்த ராக்கெட்டின் முதல் கட்டத்தைத் தழுவியே, 1989 மே மாதம் சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணை அமைந்தது. இதற்கிடையே 1987-இல் வளர்ந்த நாடுகள் ஏழு சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை உருவாக்கின. அதனைக் காட்டியே, ரஷ்யாவிடமிருந்து கடுங்குளிர் எஞ்சின் நுட்பத்தை வாங்க முனைந்த இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மீது 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. பறவைக் கூட்டைப் போல் எஞ்சினை நாமே கட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2016-இல் இந்தியா அதே ஏற்பாட்டில் உறுப்பினராயிற்று.

எஞ்சினைச் சுங்கச் சாவடியில் தடுத்து நிறுத்தலாம். நிரலை அவ்வாறு நிறுத்துவது கடினம். ஆகவேதான் 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, செயற்கை நுண்ணறிவை இயக்கும் உயர்திறன் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் குறிவைத்தது. பொருளாதாரம் பயின்ற அதிகாரிகள் இத்தகைய ஆணைகளை வாணிபச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போவது பிழையாகும்.

நிமிடக் கணக்கு

அவகாசம் பற்றிய கேள்வி இதனினும் கடுமையானது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் பணியிலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரிக்கு, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து புறப்பட்டதாகக் கணிப்பொறி அறிவித்தது. ஐந்தே ஏவுகணைகளுடன் எவரும் அணுப் போரைத் தொடங்கமாட்டார் என்று எண்ணிய அவர், அதனைப் பொய்யெச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது. 1995 ஜனவரி 25 அன்று நார்வேயிலிருந்து ஏவப்பட்ட ஆராய்ச்சி ராக்கெட்டை ரஷ்ய ரேடார்கள் ஏவுகணையென ஐயுற்றன. நார்வே முன்கூட்டியே அறிவித்திருந்தும், அத்தகவல் ரேடார் நிலையத்தைச் சென்றடையவில்லை! ஏவுகணைச் சோதனைகளை முன்னறிவிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் 2005-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் அருமை இதனால் விளங்கும்.

பெத்ரோவின் நாற்காலியில் ஓர் இயந்திரம் அமர்ந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் முன்னுள்ள வினா. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று அமெரிக்க, சீன அதிபர்கள் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டனர். தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் கூடும் அரசு வல்லுநர் குழுவுக்கு 2017, 2018 ஆண்டுகளில் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் தலைமை வகித்தார். அக்குழு 2019-இல் 11 வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2023 டிசம்பரில் இதே பொருள் ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானமாக வந்தபோது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஜெனீவா மன்றமே இதற்கு உரிய இடம் என்பது நம் நிலை. இத்தகைய நிலையை எடுக்கவும் காக்கவும், இயந்திரமும் சட்டமும் ஒருங்கே அறிந்தவர்கள் தேவை.

படிப்பவர் எங்கே?

அத்தகையோரைப் பயிற்றுவிப்பதில் நம் பல்கலைக்கழகங்கள் பின்தங்கியிருக்கின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. பொறியியல் மாணவர் ஒரு கட்டடத்திலும், அரசியல் மாணவர் மற்றொரு கட்டடத்திலும் படித்து, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே பட்டம் பெறுகின்றனர். வரம்பைக் கடந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து ஆட்சிப்பணிக்கு வந்தவர். 1965-இல் தோன்றிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இருமுறை இயக்குநராக இருந்து, இந்தியாவில் போர்த்திற ஆய்வை ஒரு கல்வித்துறையாக நிலைநிறுத்தினார். பெங்களூரில் 1988-இல் அமைந்த தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் அறிவியலாரையும் சமூகவியலாரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. அரசும் வாளாவிருக்கவில்லை. பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவு குறித்து ஆராய என். சந்திரசேகரன் தலைமையில் 2018-இல் பணிக்குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 2019-இல் தனி மன்றமும் திட்ட முகமையும் ஏற்பட்டன. முகமைகளுக்கு ஆள் வேண்டுமே!

நாகலாபுரத்து மாணவருக்கு இன்று வழி அடைபட்டிருக்கவில்லை. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் திருப்பதியிலேயே உள்ளன. முதற்பட்டத்தில் கணிதமோ கணிப்பொறியியலோ பயின்று, மேற்படிப்பில் பன்னாட்டுறவோ பொதுக் கொள்கையோ எடுத்துக்கொள்வது நல்ல வழி. மறுதிசையில் வருவதும் இயலும்; ஆனால் அதற்கு உழைப்பு கூடுதலாக வேண்டியிருக்கும். ஆங்கிலத்தோடு ரஷ்ய மொழியோ சீன மொழியோ கற்றவருக்கு மதிப்பு மிகுதி.

ராஜ் ரெட்டி 1979 முதல் 1991 வரை கார்னகி மெலனில் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தை நடத்தினார். 2001-இல் பத்ம பூஷண் பெற்றார். ஹைதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆட்சிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். கிராமப்புற மாணவர்களுக்கென 2008-இல் ஆந்திரத்தில் அமைந்த ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் இருந்தார். படைத்துறைப் பணத்தில் அவர் தொடங்கிய பேச்சாராய்ச்சியின் வழித்தோன்றல்கள் இன்று வேறு பணி செய்கின்றன. உழவர் உதவித்தொகை பற்றி விவசாயி தம் மொழியில் பேசிக் கேட்டால் விடை தரும் 'கிசான் இ-மித்ரா' சேவையை மைய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கியது. அவர் பேச்சு எந்தக் கணிப்பொறியில் சேமிக்கப்படுகிறது, அது எந்த நாட்டுச் சில்லில் ஓடுகிறது என்ற கேள்விகளை வேளாண் துறை அதிகாரியும் இனிக் கேட்டாக வேண்டும்.