காக்கும் கண்ணைக் காத்தல்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பண்டைய மதுரையின் இரவை யாமம் யாமமாக நமக்குக் காட்டுகிறது. நள்ளிரவில் களவுக்குப் புறப்படுவோர் நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு, நிலத்தை அகழும் உளியுடன் இருளோடு இருளாக ஒளிந்து திரிகின்றனர். அவர்களைத் தேடி ஊர்க்காவலர் வருகின்றனர். அக்காவலரைப் பற்றிப் புலவர் கூறும் செய்திகளுள் இரண்டு நம் கவனத்திற்குரியவை. அவர்கள் உறங்காத கண்களை உடையவர்கள். மழை பெய்து தெருவெல்லாம் நீர் பெருகி ஓடும் இரவிலும் சுற்றி வருவதை நிறுத்தாதவர்கள். இது முதற்செய்தி. நூல்வழியில் பிழையாத நுட்பமான தேர்ச்சி பெற்றவர்கள் என்பது அடுத்த செய்தி. கண் விழித்திருப்பது மட்டும் காவலாகாது. கள்வரின் கலையையும் காவலர் கற்றிருக்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்று நம் வீட்டு வாயில்களில் உறங்காத கண் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கண்காணிப்புப் படக்கருவி என்று நூல்களிலும், கேமரா என்று வீடுகளிலும் அதனை அழைக்கிறோம். அது விழித்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. கற்றிருக்கிறதா என்பதே கேள்வி.

சென்னைப் பெருநகரக் காவல்துறை சில ஆண்டுகளுக்கு முன்னர் 'மூன்றாவது கண்' என்னும் திட்டத்தை முன்னெடுத்தது. சாலைகளில் 50 மீட்டருக்கு ஒரு படக்கருவியாவது இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. காவல்துறை தனித்து நிறைவேற்றிய திட்டமன்று அது. குடியிருப்போரும் வணிகர்களும் தம் செலவில் கருவிகளைப் பொருத்தினர். முக்கண்ணன் கோயில் கொண்டுள்ள மயிலாப்பூரில் இப்பெயர் எளிதாக மக்கள் நாவில் நின்றதில் வியப்பில்லை. கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளில் தொடங்கி, கச்சேரி சாலை, லஸ் முனை, மந்தைவெளி எனச் செல்லும் வழியெங்கும் கடை வாயில்களிலும் அடுக்ககங்களின் நுழைவாயில்களிலும் இக்கருவிகளை இன்று காணலாம். பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் உலாவைக் காண வரும் பெருங்கூட்டத்தில் நகை பறிப்போரையும் வழிதவறிய குழந்தைகளையும் கண்டறிய இத்தகைய கண்கள் பயன்படுகின்றன.

வீட்டுக்குள் வைக்கப்படும் கருவிக்கு மற்றொரு காரணமும் உண்டு. மயிலாப்பூரின் பழைய தெருக்களில் முதியவர்கள் மட்டும் வாழும் வீடுகள் பல. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பர். கூடத்தில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டால், அம்மா காலையில் எழுந்து காப்பி போட்டுவிட்டாரா, அப்பா மருந்து எடுத்துக்கொண்டாரா என்பதை அங்கிருந்தே திறன்பேசியில் பார்க்கலாம். விடுமுறையில் வரும் மகன் ரிச்சி தெருவில் கருவியை வாங்குகிறான். பொருத்துநர் ஒருவர் வந்து அரைமணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போகிறார். கடவுச்சொல்லை அவரே அமைக்கிறார். மகன் விமானம் ஏறுகிறான். அதன்பின் அக்கருவியை யாரும் தொடுவதில்லை, வெள்ளையடிக்கும்போது தூசு தட்டுவதைத் தவிர. அன்பின் பொருட்டு வைத்த கண்ணே கவனிப்பாரற்றுப் போகிறது.

இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. பழைய பழக்கமும் ஆகும். காவல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைத் தாத்தா வாங்கினால் பேரன் வரை அது உழைக்கும். அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பூட்டைத் திறக்க விரும்பும் திருடன் வாசலுக்கு வந்தாக வேண்டும். தெருவில் நால்வர் பார்ப்பர், நாய் குரைக்கும். கண்காணிப்புப் படக்கருவி அத்தகைய பூட்டு அன்று. அது இணையத்தோடு பிணைந்த ஒரு சிறு கணினி. அதனைத் திறக்க முயல்பவன் உலகின் எந்த மூலையிலும் அமர்ந்திருக்கலாம். அவனைக் கண்டு குரைக்க நாயும் இல்லை.

அக்கருவியைத் திறந்து பார்த்தால் ஆடி, ஒளியை மின்குறிகளாக மாற்றும் உணரி, செயலகம், நினைவகம், கம்பியில்லா இணைப்புக்கான பகுதி ஆகியன இருக்கும். இவை வன்பொருள். இவற்றை இயக்கும் கட்டளைத் தொகுப்பு, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இதுவே நிலைபொருள். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட ஒன்றைக் குறிக்க 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்பார் ஆங்கிலத்தில் ஆக்கிய சொல்லுக்கு ஈடாகத் தமிழில் வழங்குவது இச்சொல். முன்னொரு காலத்தில் அது பெயருக்கேற்ப நிலைத்து நின்ற பொருளாகவே இருந்தது, எளிதில் மாற்றப்படுவதில்லை. இன்றோ நிலைபொருள் நிலைத்தே இருப்பதுதான் இடர். பெயர் பழையதாகவும் பொருள் புதியதாகவும் ஆகிவிட்ட சொற்களுள் இதுவும் ஒன்று.

நிலைபொருளை ஏன் மாற்ற வேண்டும்? பல்லாயிரக்கணக்கான வரிகளில் எழுதப்படும் கட்டளைகளில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில, வேற்றார் உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள். கருவி விற்பனைக்கு வந்த நாளில் அவை இருப்பது யாருக்கும் தெரியாது. ஓராண்டோ மூன்றாண்டுகளோ கழித்து ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடிப்பார். உற்பத்தி நிறுவனம் பிழையைத் திருத்திப் புதிய நிலைபொருளை வெளியிடும். கருவி நேற்றுப் போலவே இன்றும் படம் பிடித்துக்கொண்டிருக்கும். ஆயினும் நேற்று ஒருவருக்கும் தெரியாதிருந்த வழி இன்று ஊரறிந்த வழியாகிவிடும். திருத்தம் வெளியானவுடன் எங்கே ஓட்டை இருந்தது என்பது திருத்தாதவர்களைத் தேடுவோருக்கும் தெரிந்துவிடுகிறது என்பதை மறத்தலாகாது. கள்வர் கற்ற புதிய கலையைக் காவலருக்கும் கற்பிப்பதே இற்றைப்படுத்துதல். 'இற்றை' என்றால் இன்றைய என்பது பொருள். இற்றைப்படுத்தாத கருவி, வாங்கிய நாளிலேயே நின்றுவிட்ட கருவி.

இதற்கு நாமறிந்த சான்று ஒன்று உண்டு. உலகெங்கும், இந்தியாவிலும், பெருமளவில் விற்பனையான ஹிக்விஷன் நிறுவனத்தின் படக்கருவிகள் பலவற்றில் கடுமையான ஓட்டை இருப்பது 2021 செப்டம்பரில் வெளிப்பட்டது. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இன்றி, இணையத்தின் வழியே ஒரு கட்டளையை அனுப்பிக் கருவியை முற்றிலும் தன்வயப்படுத்திக்கொள்ள அது இடந்தந்தது. தீவிரத்தை அளக்கும் மதிப்பெண்ணில் 10-க்கு 9.8 பெற்றது. நிறுவனம் அப்போதே திருத்திய நிலைபொருளை வெளியிட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், சைஃபர்மா என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தபோது 80,000-க்கும் மேற்பட்ட கருவிகள் திருத்தப்படாமலே இணையத்தில் இருந்தன. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, விலையின்றியும் வழங்கப்பட்டபின் உட்கொள்ளப்படாமலே கிடந்தது.

நிலைபொருளைப் புதுப்பித்துவிட்டுக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடுவோரும் உளர். பூட்டைப் பழுது பார்த்துவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பானது அது. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்புப் பதிவுகள் திருடப்பட்டு, இணையத்தில் விலைக்கு விற்கப்பட்ட செய்தி நாட்டையே அதிரச் செய்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் தனிமை சிலருக்கு வணிகப் பொருளாயிற்று. காவல்துறையின் விசாரணையில் தெரியவந்த செய்தி, அக்கருவிகளில் 'அட்மின்123' என்னும் பொதுவான கடவுச்சொல்லே வைக்கப்பட்டிருந்தது என்பதாகும். பாதுகாப்பிற்கென வைத்த கருவியால் அப்பெண்கள் இழந்ததை எந்தத் தண்டனையாலும் மீட்டுத்தர இயலாது.

"எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கூறுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். இவர்களுக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். கருவிக்குள் நுழைபவன் உங்கள் கூடத்தைப் பார்க்க விரும்பாமலும் இருக்கலாம். அவனுக்குத் தேவைப்படுவது அக்கருவியின் கணிக்கும் ஆற்றலும் இணைய இணைப்பும்.

2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல் இணையத்தில் பரவியது. யப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'எதிர்காலம்' என்பது பொருள். 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளின் பட்டியல் ஒன்று அதனிடம் இருந்தது. எல்லாம் தொழிற்சாலையில் வைக்கப்பட்டு, வாங்கியவர்களால் மாற்றப்படாதவை. அது இணையத்தில் கருவி கருவியாகச் சென்று அச்சொற்களை முயன்று பார்த்தது. கதவு திறந்தால் உட்புகுந்தது. கண்காணிப்புப் படக்கருவிகள், பதிவுப் பெட்டிகள், இணைப்பைப் பகிரும் திசைவிகள் என இலட்சக்கணக்கானவை அதன் ஆணைக்குக் கட்டுப்பட்டன. அவற்றின் உரிமையாளர்களோ எதனையும் அறியவில்லை. கருவி வழக்கம்போலப் படம் காட்டியது. 2016 அக்டோபர் 21 அன்று அக்கருவிகளின் பெரும்படை ஒரே நேரத்தில் 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியது. இணையதளங்களின் பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் பணியைச் செய்த நிறுவனம் அது. ஒரே அஞ்சல் நிலையத்தில் நகரத்தார் அனைவரும் ஒருசேர நுழைந்தால் உண்மையாகக் கடிதம் பெற வந்தவர் என்ன செய்வார்? அத்தகைய நெரிசலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் முதலிய தளங்களை அன்று பலரால் மணிக்கணக்கில் அணுக இயலவில்லை. மிராயை உருவாக்கியதாக 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்!

இந்நிகழ்வில் நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி மற்றொன்று. பாதிக்கப்பட்ட கருவிகள் சிலவற்றில் கடவுச்சொல் நிலைபொருளுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் தம் திரையில் அதனை மாற்றியதாக நினைத்தாலும் உள்ளே பழைய சொல் உயிரோடு இருந்தது. கருவியை ஒருமுறை அணைத்து ஏற்றினால் மிராய் நினைவகத்திலிருந்து நீங்கிவிடும். ஆனால் அதே பலவீனத்தோடு மீண்டும் இணையத்தில் சேர்ந்தால் சில நிமிடங்களில் திரும்பவும் தொற்றிக்கொள்ளும். அத்தகைய கருவிக்குப் புதிய நிலைபொருளைத் தவிர வேறு மருந்து இல்லை. தேங்கிய நீரை அகற்றாத வீட்டில் பிறக்கும் கொசு அவ்வீட்டாரை மட்டும் கடிப்பதில்லை என்பது சென்னையில் வாழ்வோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

புதுப்பிக்கும் முறை கடினமானதன்று. கருவிக்குரிய செயலியைத் திறந்து அமைப்புகள் பகுதிக்குச் சென்றால், கருவி பற்றிய விவரங்களின் கீழ் நிலைபொருளின் பதிப்பெண் இருக்கும். புதிய பதிப்பு வந்திருந்தால் அங்கேயே அறிவிப்பு தோன்றும். தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருப்பின் அதனை இயக்கி வைத்தல் நன்று. அடுக்ககங்களில் பல கருவிகள் ஒரு பதிவுப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். அப்பெட்டிக்கும் தனி நிலைபொருள் உண்டு என்பதைப் பலர் அறியார். கோப்பாகத் தரவிறக்க வேண்டியிருந்தால் உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெறவேண்டும். பழங்காலத்தில் ஓலையில் அரச இலச்சினை இருக்கிறதா என்று பார்த்துப் பெற்றதுபோல, நல்ல கருவிகள் புதிய நிலைபொருளில் தம் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா எனச் சரிபார்த்த பின்னரே ஏற்கும். எல்லாக் கருவிகளும் அவ்வாறு செய்வதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய கட்டளைகள் அழிந்து புதியவை எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் சில கருவிகள் மீண்டும் எழாமலே போய்விடும். மின்வாரியத்தின் பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பு முன்னரே நாளிதழ்களில் வெளியாகும். அந்நாளைத் தவிர்த்துவிடுவது அறிவுடைமை. கருவி தானே அணைந்து ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். திரை இருண்டவுடன் பதறிச் செருகியைப் பிடுங்குவோரால்தான் பெரும்பாலும் தொல்லை நேர்கிறது.

அரசுகளும் இப்பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தத் தொடங்கியுள்ளன. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுவான கடவுச்சொற்களோடு இணையக் கருவிகளை விற்பதைத் தடை செய்கிறது; எவ்வளவு காலத்திற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படும் என்பதையும் விற்பவர் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல், விற்பனைக்கு வரும் கண்காணிப்புப் படக்கருவிகள் ஆய்வகச் சோதனையில் பாதுகாப்புத் தரத்தை நிறுவியாக வேண்டும். கருவிகளில் கண்டறியப்படும் ஓட்டைகளைப் பற்றி, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் என்னும் நடுவண் அரசு அமைப்பு தொடர்ந்து அறிவிக்கைகள் வெளியிடுகிறது. இவையெல்லாம் புதிய கருவிகளுக்குத் துணையாகும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே சுவரில் ஏறிவிட்ட கருவியை எச்சட்டமும் வந்து புதுப்பிக்காது.

அவ்வாறு பழைமையான கருவிக்கு நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? இணையத்திலிருந்து துண்டித்து, நினைவட்டையில் மட்டும் பதிவு செய்யும்படி வைத்துக்கொள்ளலாம். அப்போது வெளிநாட்டுப் பிள்ளை பார்க்க இயலாது. இல்லையேல் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது நினைவட்டையை எடுத்துவிட்டு, கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, செயலியிலிருந்தும் நீக்கிய பின்னரே மின்கழிவு சேகரிப்போரிடம் தரவேண்டும். ஐந்தாண்டுகளாக அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. வீட்டின் கம்பியில்லா இணைப்புக்கான கடவுச்சொல்லும் இன்னும் அதற்குள் இருக்கும்.