இழை சுற்றி எழும் ராக்கெட் உறை

திட எரிபொருள் ராக்கெட்டில் எரிபொருளைச் சேமிக்கும் கலனும் அது எரியும் அறையும் ஒன்றே. குழம்பாக ஊற்றி இறுகவிட்ட எரிபொருள் உறைக்குள்ளேயே எரிய, உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்காகிறது. அதைத் தாங்கும் வலு வேண்டும், எடையும் கூடக் கூடாது. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் பக்க உந்திகளுக்கு எஃகு உறை இருந்தது. வேகா, ஏரியான் 6 ராக்கெட்டுகளின் திட மோட்டார்களுக்குக் கார்பன் இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் உறை. எஃகு தண்ணீரைவிட 7.8 மடங்கு கனம்; இந்தக் கூட்டுப்பொருள் ஏறக்குறைய 1.6 மடங்குதான்.

இவ்வுறைகள் உருவாவது இத்தாலியில், ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள கொல்லெஃபெரோவில், ஆவியோ நிறுவனத்தின் ஆலையில். 1912-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது.

வேலை உள்ளிருந்து வெளியே நடக்கிறது. உறையின் உள்வடிவில் ஓர் அச்சு. அதன் மேல் வெப்பத்தைத் தடுக்கும் ரப்பர் படலம். இரு முனைகளிலும் உலோக வளையம். ஒன்றில் பின்னர் எரியூட்டி பொருந்தும், மற்றதில் நாசில். அதற்குப் பிறகே இழை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த பட்டையில் பிசின் முன்கூட்டியே ஊறியிருக்கும். அச்சு சுழல, பட்டையை ஊட்டும் தலை நீளவாக்கில் போய்வரும். இரண்டின் வேகத்தையும் மாற்றினால் சுற்றின் கோணம் மாறும்.

கோணத்தில்தான் சூட்சுமம். உருளையில் சுற்றளவு வாக்கில் எழும் இழுவிசை நீளவாக்கில் எழுவதைப் போல இரு மடங்கு. உலோகம் எல்லாத் திசையிலும் ஒரே வலு உடையது. ஆகவே நீளவாக்கில் பாதி வலு வீணாகத் தூங்கும். இழையை விசை இழுக்கும் திசையிலேயே படுக்க வைக்கலாம். அதனால் வளையச் சுற்றும் சாய்வுச் சுற்றும் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. இழுப்பும் சீராக இருக்க வேண்டும். தொய்ந்த இழை எடையைக் கூட்டுமே தவிரச் சுமையைத் தாங்காது.

உருளைப் பகுதி எளிது. முனைகளில் உள்ள குவிமாடம்தான் கடினம். வளைந்த பரப்பின் மிகக் குறுகிய வழியில் போகும் இழை வழுக்காது. அந்த வழியை விட்டு அதிகம் விலகினால் சறுக்கும். சாய்வுச் சுற்று இழைகள் முனைத் துளையை உரசித் திரும்புவதால் அங்கே தடிமன் குவிகிறது. இழை முழுவதும் ஒரே இழுவிசை நிலவ, குவிமாடம் அரைக்கோளத்தைவிடச் சற்றுத் தட்டையாகக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகிறது. 2019 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் செயற்கைக்கோளோடு வேகா விழுந்தபோது, இரண்டாம் கட்டமான செஃபிரோ 23 மோட்டாரின் முன் குவிமாடப் பகுதி வெப்பத்தால் சிதைந்ததே பெரும்பாலும் காரணம் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது.

சுற்றி முடிந்த உறையைச் சூடேற்றினால் பிசின் இறுகும். அச்சு துண்டு துண்டாகக் கழன்று துளை வழியே வெளியே வரும். மீயொலியால் உட்குறைகளைத் தேடி, அழுத்தச் சோதனையிலும் தேறினால்தான் உறை எரிபொருள் நிரப்பத் தகுதி பெறும். செஃபிரோ மோட்டார்களுக்கு எரிபொருள் கொல்லெஃபெரோவிலேயே வார்க்கப்படுகிறது. வேகா சி, ஏரியான் 6 ராக்கெட்டுகளுக்கான பி120சி மோட்டாரின் 3.4 மீட்டர் விட்டமுள்ள உறையோ வெறுமையாகக் கப்பலேறி, ஏவுதளம் உள்ள பிரெஞ்சு கயானாவில் 142 டன் எரிபொருளை ஏற்கிறது. ஒரே துண்டான மோட்டாரை நிரப்பிய பிறகு கடல் கடத்துவதைவிட இது அறிவுள்ள ஏற்பாடு.

இழையின் தேர்வும் முக்கியம். இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. மூன்றாம் கட்ட உறை கெவ்லர் இழையால் ஆனது. கெவ்லர் அடி தாங்கும். ஆனால் கார்பனை விட அதிகமாக நீளும். உறை விரிந்தால் அதனுடன் ஒட்டிய எரிபொருளும் விரிந்தாக வேண்டும். விரிவு மிஞ்சினால் எரிபொருளில் வெடிப்பு விழலாம். வெடிப்பால் எரியும் பரப்பு கூடி அழுத்தம் எகிறும். விறைப்பான கார்பன் இந்தக் கவலையைக் குறைக்கிறது.

பி120சி 2018 ஜூலையில் முதன்முறையாகத் தரையில் எரித்துச் சோதிக்கப்பட்டது; 2022-இல் வேகா சி-யிலும் 2024-இல் ஏரியான் 6-இலும் பறந்தது. உறையை ஒரு மீட்டர் நீட்டி 14 டன்னுக்கு மேல் கூடுதல் எரிபொருள் ஏற்கும் பி160சி மோட்டாரின் தரைச் சோதனை 2025 ஏப்ரலில் நடந்தது.